டெல்டா வெயிலுக்கு எந்தத் தொப்பி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் வயல் வேலை பழகவோ, பறவை பார்க்கவோ, கோயில் கோயிலாகச் சுற்றவோ புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கிரிக்கெட் கேப்பை மாட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். முதல் நாள் சாயங்காலமே காது மடலும் பிடரியும் கன்றிப்போய் எரிய ஆரம்பித்துவிடும். கேப் நெற்றிக்கும் மூக்குக்கும் நிழல் தரும், அவ்வளவுதான். காது, கழுத்து, கன்னத்தின் பக்கவாட்டு எல்லாம் வெயிலுக்குத் திறந்தே கிடக்கும். ஆகவே தொப்பிக் கடையில் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பைத்தான். நிறம், கம்பெனிப் பெயர், முன்னால் தைத்த படம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் வெயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

தஞ்சாவூர் ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். சித்திரை பிறந்து சில நாட்களில், ஏப்ரல் 18, 19 வாக்கில் ஒரு முறை. ஆகஸ்ட் 24, 25 வாக்கில் இன்னொரு முறை. அன்றைக்குப் பகல் 12.15 மணி சுமாருக்கு, நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. மே 4 முதல் 28 வரை வருகிற கத்திரி வெயிலுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆவணி வெயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. நடுநடுவே மேகம் வரும், காற்றும் வீசும், சூடு உறைக்காது. ஆனால் மேகம் விலகிய நேரத்தில் சூரியன் சித்திரையில் நின்ற அதே உச்சியில்தான் நிற்கும். தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அதை உடம்பால் உணர முடியாது என்பதால் 'இன்னிக்கு அவ்வளவு வெயில் இல்லையே' என்று நினைத்துத் தொப்பியைப் பையில் வைத்துவிடுகிறோம்.

கடிகாரம் பார்க்காமலே கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா? அப்படியானால் சூரியன் 45 பாகைக்கு மேலே ஏறிவிட்டது, தலையும் கழுத்தும் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். சித்திரையில் இந்த நேரம் காலை 9.15 வாக்கில் தொடங்கி மாலை 3.15 வரை நீள்கிறது. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடையின் தெளிந்த நண்பகலில் நம் பக்கம் அது 11-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நிறுவனத்தின் அட்டவணையிலேயே உச்சக் கட்டம் அதுதான்.

விளிம்பு எத்தனை விரல்?

உச்சி வெயிலுக்குச் சின்ன விளிம்பே சமாளித்துவிடும். சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் விளிம்பின் அகலம் கணக்கில் வருகிறது. விளிம்பு 7.5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சூரியன் 60 பாகை உயரத்தில் இருந்தால் விளிம்பிலிருந்து கீழே 13 சென்டிமீட்டர் வரை நிழல் விழும், அதாவது ஏறக்குறைய தாடை வரை. 45 பாகையில் அதே 7.5 சென்டிமீட்டர்தான், மூக்கு நுனியோடு நிழல் நின்றுவிடும். 30 பாகைக்கு இறங்கினால் நாலு சென்டிமீட்டர் சொச்சம், கண்ணைத் தாண்டுவதே பெரிது.

வெயிலுக்கான தொப்பிக்குக் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கடைக்கு அளவுநாடா கொண்டுபோக வேண்டியதில்லை. பெரியவர்கள் கையின் நாலு விரலைச் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட அந்த அகலம் வந்துவிடும். விளிம்பின் மேல் நாலு விரலை வையுங்கள். விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தொப்பியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வயல், கடற்கரை, படகு போன்ற திறந்தவெளிக்கு ஐந்து, ஆறு விரல் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் காற்று பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவர் கண்ணையும் குத்தும்.

பக்கெட் தொப்பியின் விளிம்பு சின்னதுதான், ஆனால் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தலையில் ஆழமாக இறங்குகிற மாதிரியும், விளிம்பு 6 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருந்தால் அதையும் எடுக்கலாம். பின்பக்கம் துணித் தொங்கல் வைத்த தொப்பியைப் போட்டால் பார்க்கக் கொஞ்சம் பட்டாளத்துக்காரர் மாதிரி இருக்கும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. அந்தத் தொங்கல் முன்பக்க மறைப்பின் ஓரம் வரை வந்து காதையும் மூட வேண்டும். பிடரியில் மட்டும் தொங்கினால் அரை வேலைதான்.

துணி

தொப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வரும். கடைக்குள் வெளிச்சம் போதாவிட்டால் கைபேசியின் டார்ச்சைத் தொப்பிக்குள் வைத்துப் பார்க்கலாம். "அண்ணே, வாசல்ல கொண்டுபோயி ஒரு தடவ வெளிச்சத்துல பாத்துக்கவா?" என்றால் "தாராளமா பாருங்க தம்பி" என்றுதான் சொல்வார்கள். தயங்குகிற கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பது உத்தமம்.

சில தொப்பிகளில் யூ.பி.எஃப் 50 என்று சீட்டு தைத்திருக்கும். விழுகிற புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணி வழியாக உள்ளே வரும் என்று அர்த்தம். அப்படிச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி பெரும்பாலும் போதும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அந்த எண் துணியைப் பற்றியது. ஐம்பது என்று போட்ட கேப்பும் காதுக்கு நிழல் தராது.

பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காய நேரமாகும். கடலோரம் போகப் போகக் காற்றிலேயே ஈரம், சட்டையே காயாது. நைலான், பாலியஸ்டர் சீக்கிரம் காயும், படகுக்கும் மழைக்கும் தோது. ஆனால் உள்ளே நெற்றியைச் சுற்றிப் பருத்திப் பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வியர்வை நேரே கண்ணில் இறங்கும். நாற்று முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கண் எரிகிறவருக்கு அந்தப் பட்டையின் அருமை தெரியும்.

காற்றோட்டத்துக்காக வலை வைத்த தொப்பிகள் நிறைய வருகின்றன. வலை பக்கவாட்டில் இருக்கட்டும், உச்சியில் வேண்டாம். உச்சியில் வலை இருந்தால் வகிடு நெடுக வெயில் கோடு போட்டுவிடும். இரண்டு நாள் கழித்துச் சீப்பு பட்டால் தெரியும் அந்த எரிச்சல். முடி குறைந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை மேலே வெளிர் நிறமும் விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சையோ கருநீலமோ இருந்தால் சிறப்பு. வெளிர் நிறம் சூட்டை வாங்காது. அடியில் அடர்நிறம் இருந்தால் கீழே தண்ணீரிலும் மணலிலும் பட்டு எழும்பும் கூச்சம் கண்ணுக்குத் திரும்பாது. முழு வெள்ளையாக எடுத்தால் முதல் வாரத்திலேயே சேற்றுக் கறை.

பனை ஓலைத் தொப்பியையும் ஒதுக்கிவிட வேண்டாம். எடை கிடையாது, விளிம்பு தொங்காது, தலைக்கும் தொப்பிக்கும் நடுவில் காற்று நிற்கும், துணித் தொப்பியைவிடக் குளுமை. குறை என்னவென்றால் மடிக்க முடியாது. காய்ந்தால் ஓரம் உடையும், நனைந்தால் பூசணம் பிடிக்கும். பின்னல் இடைவெளி விட்டிருந்தால் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். கடற்கரைக் கடைகளில் ஓலை மாதிரியே தெரிகிற காகிதப் பின்னல் தொப்பியும் கலந்திருக்கும். ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், காகிதம் பிசிறு கிளம்பும். ஒரு மழையில் அதன் உருவம் போய்விடும்.

அளவும் கயிறும்

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை புடைத்த இடம் வழியாக ஒரு நூலைச் சுற்றி எடுத்து அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 55 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும். அதைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக எடுத்தால் வெயிலில் நெற்றி நசுங்காது. கொண்டை போடுகிறவர்களும் பின்னல் போட்டுப் பூ வைக்கிறவர்களும் அந்த முடியலங்காரத்தோடேயே போட்டுப் பார்க்க வேண்டும். கொண்டையின் மேல் ஏறி நிற்கிற தொப்பி முன்பக்கம் கண்ணில் சரியும். பின்னால் முடிக்கு வழிவிட்டுத் தைத்தவை கிடைக்கின்றன. கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தொப்பி எம்மாத்திரம்? ஆனி, ஆடியில் மேல்காற்று வயல் வெளியில் தடையில்லாமல் அடிக்கும். தாடைக் கயிறு இல்லாத தொப்பி வாய்க்காலில் மிதந்துகொண்டே அடுத்த ஊருக்குப் போய்விடும். கயிறு நழுவாமல் இறுக்க ஒரு சிறு பிடி இருக்க வேண்டும். வேண்டாதபோது தொப்பியை முதுகில் தொங்கவிடவும் அதே கயிறு உதவும். பிடித்த தொப்பியில் கயிறு இல்லையென்றால் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் காது நேருக்கு ஒரு வளையம் தைத்து நாடா கோத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு மட்டும் கெட்டியான கயிறு கூடாது. மரக்கிளையிலோ சறுக்கு மரத்திலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இழுத்தால் தானே விட்டுக்கொள்கிற கொக்கி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆடுவது தண்ணீர் வற்றிய வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும்தான். நிழலே இல்லாத வெறும் மணல். காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பந்து வீசுகிற பையனுக்குப் பெரிய விளிம்பு இடைஞ்சல், கழற்றி எறிந்துவிடுவான். அவனுக்குப் பக்கெட் தொப்பியே சரி.

வாங்கும் முன் கடையிலேயே நாலு வேலை செய்யுங்கள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி பாவனை செய்யுங்கள், தொப்பி விழுகிறதா? தலையை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டுங்கள். விளிம்பை மடித்துக் கசக்கிவிட்டு விடுங்கள், பழைய உருவத்துக்கு வருகிறதா? விளிம்பில் அரை விரல் இடைவெளிக்கு ஒரு வட்டமாக நெருக்கித் தையல் போட்டிருந்தால் வரும். தையலே இல்லாத விளிம்பு ஒரு துவைப்பில் தொய்ந்து கண்ணை மறைக்கும். கடைசியாக, ஒரு அடி தள்ளி நிற்கும் ஆளோடு பேசுங்கள். சில தொங்கல் தொப்பிகள் காதை இறுக்கி அடைக்கும். ரோட்டோரம் நடக்கும்போது பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது.

வயலுக்கு

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் அதையொட்டிக் குறுவை நடவு. நடவுக்கு இறங்கும் புதியவர்கள் அகல விளிம்புத் தொப்பியோடு வந்து, அரை மணி நேரத்தில் அதைக் கழற்றி வரப்பில் வைத்துவிடுவதைப் பார்க்கலாம். காரணம் இருக்கிறது. நடவு நடும்போது முதுகு தரைக்குச் சமமாக வளைந்திருக்கும், முகம் சேற்றைப் பார்த்திருக்கும். அந்த நிலையில் தொப்பியின் விளிம்பு குடையாக விரிந்திருக்காது, செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். முன் விளிம்பு நாற்றை மறைக்கும். பின் விளிம்பு வானத்தைப் பார்க்கும், பிடரிக்கு நிழலே விழாது. எவ்வளவு அகலமாக இருந்தாலும் இதே கதைதான்.

நடவுக்குப் பழகிய பெண்களைக் கவனியுங்கள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, ஒரு பகுதி கழுத்தில் தொங்கும்படி விட்டு, புடவைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். அந்த வேலைக்கு அதுதான் கணக்கு. நீங்களும் துண்டு கட்டுங்கள், அல்லது தொங்கல் வைத்த தொப்பி போடுங்கள். துண்டு என்றால் ஈரிழைத் துண்டு. காசித் துண்டு மெல்லிசு, வெயில் ஊடுருவும். தேங்காய்ப்பூத் துண்டு தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். துண்டை நனைத்துக் கட்டினால் குளுமைதான், ஆனால் நனைந்த பருத்தி காய்ந்ததைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். அதனால் ஒற்றை மடிப்பாக இல்லாமல் இரண்டாக மடித்து நனையுங்கள்.

நிமிர்ந்து செய்கிற வேலைக்கு, அதாவது மடை பார்ப்பது, மருந்து தெளிப்பது, கதிர் அடிக்கும் இடத்தில் நிற்பது, வாத்து மேய்ப்பது இதற்கெல்லாம் அகல விளிம்பே ராஜா. துண்டை உள்ளே கட்டி மேலே தொப்பியைப் போட்டால் இரண்டின் பலனும் கிடைக்கும். அதை யோசித்துத் தொப்பியை ஒரு அளவு பெரிதாக எடுப்பது புத்திசாலித்தனம். மருந்து தெளிக்கிற தொப்பியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

நடைப்பயணத்துக்கு

வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29. சூரியன் தலைக்கு நேராக வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து நடப்பவர்கள் முழுக்கக் கிழக்கு நோக்கிப் போகிறார்கள். காலை வெயில் நேர் முகத்தில், மாலை வெயில் நேர் பிடரியில். பத்து மணிக்கு மேல் எப்படியும் நிழலில் ஒதுங்கிவிடுவார்கள் என்பதால் நடக்கிற நேரமெல்லாம் சாய்வு வெயில்தான். விளிம்பு அதிகம் உதவாத நேரம் அது. எனவே காலையில் தொப்பியின் முன்பக்கத்தைப் புருவம் வரை இறக்கிவிட்டு, கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் தோளில் கிடக்கும் துண்டைத் தொப்பிக்குள் செருகிப் பிடரியில் தொங்கவிடுங்கள். நீள நடைக்கு எடையும் முக்கியம். கையில் தூக்கிப் பார்த்துக் கனம் தெரிகிற தொப்பி பத்து கிலோமீட்டரில் தலைவலியாகிவிடும்.

படகு, உப்பளம், பறவை

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகும்போது காற்றும் தண்ணீரின் கூச்சமும் சேர்ந்து வரும். தாடைக் கயிறு கட்டாயம். கீழேயிருந்து எழும்பி வரும் வெயிலுக்குத் தொப்பியால் ஒன்றும் செய்ய முடியாது. மூக்கின் அடி, தாடை, காதின் பின்பக்கம் இங்கெல்லாம் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும். வேதாரண்யம் உப்பளத்தில் கேட்கவே வேண்டாம், வெள்ளை வெளேரென்று தரையே கண்ணைக் கூசும். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரகிகள் நடந்து வந்தது ஏப்ரல் 13 முதல் 28 வரை, சரியாகச் சூரியன் உச்சியில் நிற்கிற நாட்களில். அந்த வழியைப் பார்க்க வருகிறவர்கள் சித்திரையைத் தவிர்த்துத் தை, மாசியில் வரலாம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கோடியக்கரையில் பூநாரையும் வெளிமானும் பார்க்கப் போகிறவர்களுக்கு நிறம் முக்கியம். மண் நிறம், காய்ந்த புல் நிறம். பளீரென்ற மஞ்சளோ வெள்ளையோ வேண்டாம். பைனாகுலரைக் கண்ணில் வைக்கும்போது விறைப்பான முன்விளிம்பு இடிக்கும், ஒவ்வொரு தடவையும் தொப்பி பின்னால் தள்ளப்படும். முன்பக்கம் மேலே மடங்குகிற மெத்தென்ற விளிம்பாக இருக்கட்டும்.

கோயில் சுற்றுகிறவர்களுக்கு மடிக்கிற தொப்பிதான். சன்னதிக்குள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு திருநீறு வாங்க முடியாது. பையில் சுருட்டி வைக்கிற மாதிரி எடுங்கள். பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் தலையைவிடப் பாதம்தான் முதலில் சுடும், காலை 10 மணிக்குள் பார்த்துவிடுவது நல்லது. பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் தொப்பி வைக்காதீர்கள், ஹெல்மெட் சரியாக உட்காராது. இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தொப்பி போட்டிருந்தும் தலைசுற்றல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம் வந்தால் அது வெப்ப பாதிப்பு. ஆளை நிழலுக்குக் கொண்டுபோய்த் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பராமரிப்பு

வியர்வை உப்பு காய்ந்து தொப்பியில் வெள்ளைக் கோடு விழும். அப்படியே விட்டால் துணி விறைத்து அந்தக் கோட்டிலேயே கிழியும். நெற்றிப் பட்டையைத் தினமும் தண்ணீரில் அலசிவிட்டு, வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கையால் துவைத்தால் போதும். வாஷிங் மெஷினில் போட்டால் விளிம்புக்குள் வைத்த விறைப்புத் துணி சுருண்டுவிடும். பிழியாமல் உதறி, ஒரு சொம்பையோ சின்னக் குடத்தையோ கவிழ்த்து அதன் மேல் மாட்டி நிழலில் காயவையுங்கள், உருவம் மாறாது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் விளிம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஓலைத் தொப்பியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பருவத்துக்கு ஒருமுறை அந்த டார்ச் வெளிச்சச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். துவைத்துத் துவைத்து உச்சித் துணிதான் முதலில் நைந்துபோகும். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தால் உச்சியில் மட்டும் உள்ளே ஒரு துண்டு காடாத் துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம், இன்னொரு கோடைக்குத் தாங்கும். விளிம்பு தொய்ந்துவிட்டால் மட்டும் வேறு வழியில்லை, புதிது வாங்க வேண்டியதுதான்.